மப்ளர் போட்ட குஞ்சுகள்

"சார், இதுக்குக் கழுத்துல முடி எப்ப சார் மொளைக்கும்?"

கித்தேரியம்மாள் கூடையின் மேலிருந்த துணியை விலக்கினாள். உள்ளே நான்கு கோழிக்குஞ்சுகள், பொரித்துப் பத்து நாள் ஆனவை. உடம்பில் செம்பட்டை நிறத்தில் ரோமம் இருந்தது, தலையில் இருந்தது, இறக்கையில் சிறகுகூட எட்டிப் பார்த்தது. கழுத்தில் மட்டும் ஒன்றுமே இல்லை. முன்பக்கம் ஒரே ஒரு கொத்து முடி, டை கட்டியது போல.

இருதயசாமி காபி டம்ளரைக் கீழே வைத்தார். அவருக்குக் கோழி பற்றி ஐந்து மாத அனுபவம்தான். ஆனால் மொட்டைக் கழுத்துக் கோழியை அடையாளம் தெரிய ஐந்து மாதம் எதற்கு? சந்தைக்குப் போகிற எவருக்கும் தெரியும், அது நாட்டுக் கோழியில் ஒரு தினுசு. அவர் கொடுத்ததோ சீமைச் சிவப்புக் கோழியின் சுத்தமான முட்டை. சுத்தம், சுத்தம் என்று தெரு முழுக்கச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான்.

"நாலுக்குமா இப்படி?" என்று கேட்டார்.

"நாலுக்குந்தான். எதிர்வீட்டுக் குஞ்சுகளுக்கும் இப்படித்தான் கெடக்கு. நம்ம சாரு கொடுத்த முட்டையில கோளாறு இருக்காதுன்னு சொல்லிட்டு வந்தேன்."

கடைசி வாக்கியத்தை அவள் சொல்லாமல் இருந்திருந்தால் இருதயசாமி உண்மையைச் சொல்லியிருப்பார். இருபத்திரண்டு வருஷமாக அவர் பொய் சொன்னதில்லை. வாயைத் திறந்தார்.

"குளிரு," என்றார்.

"குளிரா?"

"மலைக்குக் கீழ இருந்து வந்த கோழிம்மா இது. மலைக்குளிருக்குக் கழுத்து முடி மட்டும் லேட்டாத்தான் வரும். தேங்காண்ணெய் தடவி விடு. வெரசா வந்துரும்."

கித்தேரியம்மாள் திருப்தியாகப் போனாள். இருதயசாமி நேராகக் கொல்லைப்புறம் போய்க் கோழிக் கூண்டின் தரையைக் கிளறிப் பார்த்தார். மரத்தூளுக்கு அடியில் ஒரு சிறகு கிடைத்தது. நல்ல கறுப்புச் சிறகு. அவருடைய கோழிகளில் கறுப்பு என்பது கண்ணில் மட்டும்தான் உண்டு.

எவனோ ஒரு சேவல் வந்து போயிருக்கிறான்!

இருதயசாமிக்குக் காது மடல் சுட்டது. இதில் அவர் ஏன் இவ்வளவு வெட்கப்பட வேண்டும் என்று தோன்றலாம். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கொடைக்கானல் மேட்டுத்தெருவில், மாதா கோயிலுக்குப் பின்னால் குடியிருந்தார் அவர். கோயில் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் குமாஸ்தா. அவர் எழுதிய வருகைப் பதிவேட்டில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் எழுபத்தொன்பதாம் வருஷம் பொங்கல் கழித்து, பங்குக் குருவான ஃபாதர் மரியசெல்வம் கோழித் திட்டத்தைத் தூக்கி அவர் தலையில் வைத்தார். தெருவில் பன்னிரண்டு குடும்பங்களுக்குச் சீமைக் கோழி கிடைக்கச் செய்வதுதான் திட்டம். பத்துப் பெட்டையும் ஒரு சேவலும் இருதயசாமியின் கூண்டில் இருக்கும். முட்டையை வீடுகளுக்குக் கொடுத்து, அங்கே அடையிருக்கும் நாட்டுக் கோழியின் அடியில் வைத்துப் பொரித்துக்கொள்ள வேண்டும்.

இருதயசாமி கூண்டு கட்டிய அழகைப் பார்த்திருக்க வேண்டும். தைல மரக் கம்பு நட்டு ஆறடி உயரத்துக்குக் கம்பி வலை. கதவுக்கு இரும்புக் கொக்கி. முட்டையிடப் பேரிக்காய்ப் பெட்டிகள், அதில் புது வைக்கோல். தரைக்கு மரத்தூள், அதை வாரத்துக்கு ஒரு தரம் கிளறிவிடுவார், மாதத்துக்கு ஒரு தரம் மாற்றுவார். ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் தேதி எழுதிக் கூர்முனை கீழே வரும்படி அடுக்குவார். ஒரு வாரம் தாண்டிய முட்டை அடைக்குப் போகாது, ஆம்லெட்டுக்குப் போகும்.

சேவலை ஃபாதரே மலையிறங்கிப் போய் ஒரு பண்ணையில் பொறுக்கி எடுத்து வந்தார். நல்ல செங்கல் நிறம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அது நடந்த நடையைப் பார்த்துவிட்டுத் தெரு அதற்குத் 'துரை' என்று பெயர் வைத்தது. பெட்டைகள் அருகில் வந்தால் துரை ஒதுங்கி நின்று மலையைப் பார்க்கும்.

"சீமைச் சேவல். நாலு பேர் பார்க்க ஒண்ணும் நடந்துக்காது," என்று இருதயசாமி பெருமையாகச் சொல்லுவார்.

துரை வந்த வாரமே அவர் தெருவுக்கு ஒரு சட்டம் போட்டார். இனி எந்த வீட்டிலும் நாட்டுச் சேவல் இருக்கக் கூடாது. ஒரு சேவல் ஒரு நிமிஷம் உள்ளே வந்துவிட்டால் போதும், அப்புறம் மூன்று வாரத்துக்கு எந்த முட்டையையும் நம்ப முடியாது. பன்னிரண்டு வீட்டிலும் சேவல்கள் குழம்பாயின. கித்தேரியம்மாள் தன் வெள்ளைச் சேவலை வைத்துக்கொள்ள மூன்று தரம் வந்து கேட்டாள். மூன்று தரமும் இருதயசாமி முடியாது என்றார். கடைசியில் அவள் குழம்பு வைத்தாள், ஆனால் சாப்பிடவில்லை.

முதலில் கொடுத்த அறுபது முட்டையும் கூமுட்டையாகப் போயின. ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. இருதயசாமி அசரவில்லை. கோடை இடி என்றார், அடைக்கோழி சரியில்லை என்றார், பெண்களுக்குப் பொறுப்பில்லை என்று கித்தேரியம்மாளைத் தெருவில் நிற்க வைத்துத் திட்டினார். அடுத்த அறுபது முட்டையில் ஐம்பத்துநாலு பொரித்தது. ஃபாதர் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் அவர் பெயரைச் சொன்னார். இருதயசாமி தலையைக் குனிந்துகொண்டு, அந்தப் பெயரை மனைவி இசபெல்லா கவனித்தாளா என்று ஓரக்கண்ணால் பார்த்தார்.

இப்போது அந்த ஐம்பத்துநாலுக்கும்தான் கழுத்தில் முடி இல்லை.

எல்லாருடைய சேவலையும் அறுக்கச் சொன்னவர், தன் கூண்டுக்குள் வந்த சேவலைப் பார்க்கவில்லை. இதை எந்த முகத்தோடு வெளியில் சொல்வது?

தேங்காய் எண்ணெயால் விஷயம் மோசமாயிற்று. பெண்கள் தாராளமாகத் தடவினார்கள். எண்ணெய் கழுத்தில் நிற்காமல் உடம்பெல்லாம் வழிந்தது. எண்ணெயில் புழுதி ஒட்டியது. நனைந்த குஞ்சுகள் மே மாத மூடுபனியில் வெடவெடவென்று நடுங்கின. மூன்றாம் நாள் கித்தேரியம்மாள் தலைமையில் ஐந்து பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

"சார், முடி மொளைக்கல. குஞ்சு வெறைக்குது. நீங்க வந்து ஒரு எட்டுப் பாருங்க."

"பாக்குறேன், பாக்குறேன். ஸ்கூல்ல சோலி இருக்கு."

"செத்துக்கித்துப் போச்சுன்னா எங்களைத்தான பொறுப்பில்லேன்னு வைவீங்க?"

இருதயசாமியால் கித்தேரியம்மாளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உள்ளேயிருந்து இசபெல்லா, கையில் பின்னல் ஊசியோடு, சிரிப்பாக ஒரு வார்த்தை சொன்னாள். "அம்புட்டுக் குளிருன்னா ஒரு மப்ளரைக் கட்டி விடச் சொல்லுங்க."

தண்ணீரில் தத்தளிக்கிறவனுக்குக் கயிறு கிடைத்த மாதிரி இருந்தது அவருக்கு. "அதேதான்! மப்ளர் கட்டணும். நானே சொல்லணும்னு இருந்தேன்."

இசபெல்லாவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பெண்கள் போனதும் கேட்டாள்.

"ஏங்க, உங்களுக்கு உடம்புக்கு ஏதும் சொகமில்லையா?"

"ஒனக்குக் கோழியைப் பத்தி என்ன தெரியும்?"

"மொட்டைக் கழுத்துக் கோழின்னு ஒண்ணு உண்டுன்னு தெரியும்."

"மெதுவாப் பேசு," என்றார் இருதயசாமி.

கொடைக்கானலில் கம்பளி நூலுக்கும் பின்னத் தெரிந்த கைக்கும் என்ன பஞ்சம்? பழைய ஸ்வெட்டரைப் பிரித்தார்கள், மிச்ச நூலைத் தேடினார்கள். இரண்டே நாளில் ஐம்பத்துநாலு குஞ்சுகளும் கழுத்தில் மப்ளரோடு தெருவில் மேய்ந்தன. வீட்டுக்கு ஒரு நிறம் என்று அவர்களே பேசி வைத்துக்கொண்டார்கள், குஞ்சு மாறிப் போகாமல் இருக்க. கித்தேரியம்மாள் வீட்டுக்கு நீலம்.

இருதயசாமி அந்த இரண்டு நாளும் சேவலைத் தேடினார். ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் ஏதோ சாக்குச் சொல்லி எட்டிப் பார்த்தார். மேட்டுத்தெருவில் துரையைத் தவிர எந்த நிறத்திலும் ஒரு சேவல் இல்லை. அவர் போட்ட சட்டத்தைத் தெரு அவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தது. அது அவரை இன்னும் கூசச் செய்தது.

அது சீசன் நேரம். ஏரியைப் பார்த்துவிட்டு, தூண்பாறையைப் பார்த்துவிட்டு, வேறென்ன பார்க்கலாம் என்று அலைகிறவர்களுக்கு மப்ளர் போட்ட கோழிக்குஞ்சு கிடைத்தால் விடுவார்களா? மதுரைக்காரர் ஒருவர் குடும்பத்தோடு நின்று படம் எடுத்தார். மறுநாள் பத்துப் பேர் வந்தார்கள். அதற்கு மறுநாள் குதிரைக்காரர்கள் மேட்டுத்தெருவை ஒரு ரவுண்டாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

"இந்த ஐடியா யாரோடதுங்க?" என்று வந்தவர்கள் கேட்டார்கள்.

"எங்க இருதயசாமி சாரோடது," என்று தெருவே கை காட்டியது.

அவர் பள்ளிக்கூடத்துக்குக் குறுக்குப் பாதையில், புதர் வழியாகப் போக ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஒருவர் நேராக ஆபீசுக்கே வந்துவிட்டார். தடித்த கண்ணாடி, கழுத்து வரைக்கும் பொத்தான் போட்ட ஸ்வெட்டர்.

"வணக்கங்க. நான் சேனாதிபதி. பழனிப் பக்கம் கோழி ஆபீசரா இருக்கேன். லீவுக்குப் பிள்ளைகளோட வந்தேன். உங்க குஞ்சுகளைத் தெருவுல பார்த்தேன்."

இருதயசாமி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"இருபது வருஷம் இந்த வேலையில இருக்கேன். மப்ளர் போட்ட கோழியை இப்பத்தான் பாக்குறேன். கழட்டிப் பாக்கலாமான்னு கேட்டேன். சாரைக் கேட்காமக் கழட்ட மாட்டோம்னு அந்தம்மா கண்டிப்பாச் சொல்லிட்டாங்க."

"எந்தம்மா?"

"நீல மப்ளர்."

கித்தேரியம்மாள் அவரை அவ்வளவு நம்பினாள்.

"அதான் உங்க ஃபாதரைப் பார்த்தேன். முதல்ல வேண்டாம்னாரு. நான் விடலை. ஞாயித்துக்கிழமை ரெண்டாம் பூசை முடிஞ்சதும் எல்லாரையும் கோயில் மைதானத்துக்குக் குஞ்சோட வரச் சொல்லலாம்னு ஒத்துக்கிட்டாரு. மப்ளரைக் கழட்டி ஒண்ணொண்ணாப் பாத்துருவோம். நல்லா இருந்தா மத்த ஊருக்கும் எழுதிரலாம்."

சேனாதிபதி கை குலுக்கிவிட்டுப் போனார். இருதயசாமி பதிவேட்டைத் திறந்து, லீவு முடிந்து வரும் எட்டாம் வகுப்பின் பெயர்களை எழுத முயன்றார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஓர் அடித்தல் விழுந்தது.

சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் அவருக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. அது நல்ல மனிதருக்கு வரக்கூடிய யோசனை இல்லை, ஆனால் பயந்த மனிதருக்கு வரும்.

ஃபாதரிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். நேருக்கு நேர் சொல்ல முகம் இல்லை. சொன்னால் திட்டுவார், பிரசங்கத்தில் போட்டாலும் போடுவார். ஆனால் அதையே பாவமன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டால்? அங்கே கேட்டதைக் குருவானவர் செத்தாலும் வெளியில் சொல்ல முடியாது. சொல்லியதாகவும் ஆயிற்று, வெளியில் தெரியாததாகவும் ஆயிற்று. அடுத்த நாள் ஃபாதர் ஆபீசரை ஏதாவது சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்.

சனிக்கிழமை வழக்கமாகப் பாவசங்கீர்த்தனம் கேட்கும் நேரத்துக்குக் கோயிலுக்குப் போய், ஃபாதர் உட்கார்ந்திருந்த மரக்கூண்டின் பக்கவாட்டில் மண்டியிட்டார். சின்னச் சின்ன ஓட்டை போட்ட பலகைக்கு அந்தப் பக்கம் ஃபாதரின் மூச்சு கேட்டது.

"சாமி, நான் பாவி. பொய் சொல்லிட்டேன். பன்னெண்டு குடும்பத்தை ஏமாத்திட்டேன்."

"சொல்லுங்க."

"கோழி விஷயம், சாமி."

அந்தப் பக்கத்தில் மூச்சுச் சத்தம் நின்றது.

இருதயசாமி எல்லாவற்றையும் கொட்டினார். கறுப்புச் சிறகு, குளிர் என்று சொன்னது, தேங்காய் எண்ணெய், மப்ளர். "என் கவனக்குறைவுதான், சாமி. எவனோ ஒருத்தன் சேவல் உள்ள பூந்துருச்சு. ஊரார் சேவலை எல்லாம் அறுக்கச் சொன்ன நான், என் கூண்டை ஒழுங்காப் பாத்துக்கல."

ஃபாதர் இருமினார்.

"எல்லாக் குஞ்சுக்குமா கழுத்து அப்படி?"

"அம்பத்துநாலுக்கும், சாமி."

"ஒண்ணுகூடத் தப்பலையா?"

"ஒண்ணுகூட."

மறுபடி இருமல். "அந்தச் சேவல் யாரோடதுன்னு..."

"தெரியல சாமி. தெரிஞ்சா அன்னைக்கே கழுத்தைத் திருகிருவேன். அதைக் கொண்டாந்தவன் கழுத்தையும் சேர்த்து."

"சேச்சே, கோபம் கூடாது. கோபம் பெரிய பாவம்," என்றார் ஃபாதர் அவசரமாக. "பரிகாரமா ஒரு அருள் நிறை மந்திரம் சொல்லுங்க. போதும்."

இருதயசாமி திகைத்தார். போன மாதம் பூசைக்குத் தாமதமாக வந்ததற்கே ஐந்து கிடைத்தது. "இம்புட்டுக்கும் சேர்த்து ஒண்ணுதானா சாமி?"

"வேணும்னா ரெண்டு சொல்லுங்க."

"சாமி, அப்ப நாளைக்கு அந்த ஆபீசரை வர வேண்டாம்னு சொல்லிருவீங்கள்ல?"

பலகைக்கு அப்பால் ஒரு பெருமூச்சு. "எப்படி முடியும்? இங்க கேட்டதை வச்சு வெளியில ஒரு துரும்பைக்கூட நகத்தக் கூடாது, இருதயசாமி. நீங்க மட்டும் இதை வெளியில வச்சுச் சொல்லியிருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்."

இருதயசாமி மண்டியிட்டபடியே கண்ணை மூடிக்கொண்டார். ஊரில் அவரைக் காப்பாற்றக்கூடிய ஒரே மனிதரின் கையையும் வாயையும் அவரே கட்டிப் போட்டுவிட்டார்.

"அப்ப வெளியில வந்து இன்னொரு தரம் சொல்றேன், சாமி."

"ஆபீசர் ஏற்கெனவே என் பங்களாவுல வந்து உக்காந்திருக்காரு. அங்கதான் ராத்திரிச் சாப்பாடு. அவருக்கு முன்னாடி சொல்றீங்களா?"

இருதயசாமி இரண்டு மந்திரத்துக்குப் பதிலாக ஐம்பத்துநாலு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. இரண்டாம் பூசை முடிந்து சனம் மைதானத்தில் கூடியது. பன்னிரண்டு கூடைகள் வரிசையாக இருந்தன. சீசனுக்கு வந்தவர்கள் சுற்றி நின்றார்கள். துரையையும் ஒரு கூடையில் வைத்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் சேனாதிபதி. அது கூடையிலிருந்து இறங்கியதும் நெஞ்சை நிமிர்த்தி மலையைப் பார்த்தது. ஃபாதர் மரியசெல்வம் கோயில் படியில் நின்றார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. இருதயசாமி அதைப் பார்த்து, தன் பாவத்தைச் சுமந்து இவர் இப்படி வாடிவிட்டாரே என்று உருகினார்.

சேனாதிபதி கித்தேரியம்மாளின் கூடை முன் உட்கார்ந்தார்.

"இப்பக் கழட்டலாமா?"

கித்தேரியம்மாள் இருதயசாமியைப் பார்த்தாள். "சார் சொல்லட்டும்."

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். இருதயசாமிக்கு, எதை மறைக்கப் போய் இவ்வளவு தூரம் வந்தோம் என்று தோன்றியது. இன்னொரு பொய் சொல்லலாம். சூரிய வெளிச்சம் பட்டால் கழுத்துக்கு ஆகாது என்று சொன்னால்கூட இவள் நம்புவாள். அப்படி நம்புகிறவளிடம் சொல்ல முடியவில்லை.

"கழட்டும்மா," என்றார். "அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும். அதுல முடி மொளைக்காது. என்னைக்கும் மொளைக்காது. குளிருன்னு நான் சொன்னது பொய். அது சீமைக் குஞ்சே இல்ல. மொட்டைக் கழுத்து நாட்டுச் சேவலுக்குப் பொறந்தது. என் கூண்டுக்குள்ள அது எப்படியோ வந்திருக்கு, நான் பாக்கல. தெரிஞ்ச பெறகும் உங்ககிட்டச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு எண்ணெய் தடவச் சொன்னேன், மப்ளர் பின்னச் சொன்னேன். என்னை மன்னிச்சிருங்க."

இசபெல்லா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

கித்தேரியம்மாள் நீல மப்ளரை மெதுவாக அவிழ்த்து மடித்து இடுப்பில் செருகினாள்.

"என் வெள்ளைச் சேவலைக் கொழம்பு வைக்கச் சொன்னீங்களே சார்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு அவள் அவரை அடித்திருக்கலாம். இருதயசாமிக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

சேனாதிபதி மட்டும் எந்த வருத்தமும் இல்லாமல் ஒவ்வொரு குஞ்சாக எடுத்துக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் துரையைத் தூக்கினார். அங்கே அமுக்கினார், இங்கே தடவினார், கொண்டையைப் பார்த்தார். கடைசியில் கீழே இறக்கி விட்டார்.

"சார், நீங்க முதல்ல வச்ச முட்டை என்னாச்சு?"

"கூமுட்டை. அறுபதும். இடி இடிச்சதுல..."

"இடி ஒண்ணும் பண்ணல. இந்தச் சேவல் எதுக்கும் ஆகாது. பாக்கத்தான் அழகு. இது ஆயுசுக்கும் ஒரு குஞ்சுக்கு அப்பனாக முடியாது. இதை யாரு பொறுக்கி எடுத்தது?"

படியில் நின்ற ஃபாதர் செருப்பைக் குனிந்து பார்த்தார். அவரைச் சங்கடப்படுத்தக் கூடாதென்று இருதயசாமி பேச்சை மாற்றினார்.

"அந்தக் கள்ளச் சேவல் ஒரு தரமோ ரெண்டு தரமோ உள்ள வந்திருக்குங்க. அதுல வந்த வினை."

"அதெப்படி? ஒரு தரம் வந்து போன சேவலுக்குப் பத்துப் பெட்டை முட்டையும் கருக் கூடுமா? இது தெனமும் வந்திருக்கு. தவறாம வந்திருக்கு. வந்துட்டுத் திரும்பப் போயிருக்கு. அதான் எனக்கு வெளங்கல. ஆறடி வலை, கதவுல கொக்கின்னு ஊரே சொல்லுது. சேவல் தெனமும் கொக்கியைத் தொறந்து உள்ள வந்து, பெறகு கொக்கியை மாட்டிட்டுப் போகுமா?"

கூட்டம் சிரித்தது. இருதயசாமிக்கும் அப்போதுதான் அது உறைத்தது. படியில் ஃபாதர் ஒரு அடி முன்னால் வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், இருமல்தான் வந்தது.

அவருக்குப் பின்னால் மணிக்கூண்டின் கயிற்றடியில் கோயில்பிள்ளை பவுல்ராஜ் உட்கார்ந்து பூசைத் துணியை மடித்துக்கொண்டிருந்தார். காலை ஐந்தரை மணியை முப்பது வருஷமாக அடிக்கிறவர். கேட்டால் ஒழியப் பேசமாட்டார், இதுவரை அவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. சேனாதிபதியின் கேள்வி தன்னைப் பார்த்துத்தான் என்று நினைத்துக்கொண்டார் போலும். துணியை மடியில் வைத்துவிட்டு நிதானமாகப் பதில் சொன்னார்.

"சேவல் எதுக்குங்க கொக்கியைத் தொறக்கணும்? தெனமும் வெள்ளனே நம்ம சாமிதான அதை அங்கிக்குள்ள வச்சுக் கொண்டாந்து உள்ள விட்டுட்டு, அது சோலி முடிக்கிற வரைக்கும் வேலியோரமா நின்னு செபமாலை சொல்லுவாரு!"